ஜுரம் வந்தவளுக்கு நெகட்டிவ், ஒண்ணுமே வராதவருக்கு பாசிட்டிவ், எப்படி டாக்டர்?

கேள்வி: வணக்கம் டாக்டர். நாங்க குடியாத்தம் பக்கம். எனக்கு வயசு 40 தாண்டிடுச்சு, வீட்லயே பீடி சுத்துறேன், வீட்டுக்காரர் ஆம்பூர்ல ஷூ கம்பெனி. நான் 2021ல கோவிஷீல்டு ரெண்டு டோஸும் போட்டுக்கிட்டேன், அவருக்கு கம்பெனி கேம்ப்ல கோவாக்சின் ரெண்டு டோஸ். 2022 பொங்கல் முடிஞ்ச கையோட எனக்கு நாலு நாள் ஜுரம், தொண்டை வலி, இருமல், உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி. ஸ்வாப் எடுக்கல. பொண்ணுக்கு அப்ப 9 வயசு, ஒரே ஒரு நாள் உடம்பு சுட்டுச்சு. அவருக்கு தும்மல் கூட இல்ல. அந்த வருஷம் ஆடி மாசம் ஒரு லேப்ல ஃபேமிலி பேக்கேஜ்னு சொல்லி மூணு பேருக்கும் ஆன்டிபாடி பாத்தோம். ஸ்பைக் ஆன்டிபாடி மூணு பேருக்குமே பாசிட்டிவ், எனக்கு 250க்கு மேலன்னு போட்டிருந்தாங்க. நியூக்ளியோகேப்சிட்னு இன்னொண்ணு, அது எனக்கு 0.41 நெகட்டிவ், அவருக்கு 2.3 பாசிட்டிவ், பொண்ணுக்கு 1.9 பாசிட்டிவ். லேப்ல இருந்த பையன் "உங்களுக்கு கொரோனா வந்ததே இல்லக்கா, உங்க வீட்டுக்காரருக்குத்தான் வந்திருக்கு"ன்னுட்டான். அப்ப இருந்து இன்னைக்கு வரைக்கும் எனக்கு அசதி, மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குது. மாமியார் எல்லாம் அந்த ஊசியாலதான்னு சொல்றாங்க, அவர் ரிப்போர்ட்டைக் காட்டி உனக்குத்தான் ஒண்ணும் வரலையே, சும்மா சாக்கு சொல்றேன்றார். எனக்கு வந்துச்சா இல்லையா? மறுபடி டெஸ்ட் எடுக்கவா? மாமியாருக்கு 71 வயசு, சுகர் இருக்கு, அவங்களுக்கும் ஸ்பைக் பாத்து கம்மியா இருந்தா ஊசி போடலாமா?

பதில்:

வணக்கம்மா. மொதல்ல உங்க வீட்டுக்காரருக்கு ஒரு வார்த்தை, இந்த லெட்டரை அவர் கைல குடுத்துடுங்க. சார், அந்த 0.41ஐ வச்சு உங்க வீட்டம்மாவுக்கு கொரோனா வரலன்னு சொல்ல முடியாது, உங்க 2.3ஐ வச்சு உங்களுக்கு வந்துச்சுன்னும் அடிச்சு சொல்ல முடியாது. நான் லேப்ல உக்கார்ற டாக்டர், மைக்ரோபயாலஜி, எனக்கு வர்றது ரத்தம் இருக்குற ட்யூபும் ஒரு ஃபார்மும்தான், அந்த ஃபார்ம்ல என்ன ஊசி போட்டாங்க எப்ப போட்டாங்கன்ற ஒரு வரி இல்லன்னா இந்த ஆன்டிபாடி நம்பரை வச்சு நான் ஒண்ணுமே சொல்ல முடியாது. அந்தப் பையனும் கேட்டிருக்க மாட்டான், மெஷின் நெகட்டிவ்னு அடிச்சதை வாய்ல சொல்லிட்டான்.

ஆன்டிபாடி டெஸ்ட்னா என்ன, உடம்பு ஒரு கிருமியைப் பாத்ததுக்கு அடையாளமா ரத்தத்துல விட்டு வச்சிருக்கறதைத் தேடுறது. தடுப்பூசியே இல்லாத நோய்க்கு இது நேரா பேசும். 1986ல சென்னைல எடுத்த ரத்தத்தை நம்ம வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரி லேப்ல வச்சுப் பாத்துதான் இந்தியாவுல மொத மொதல்ல எச்ஐவி இருக்குன்னு தெரிஞ்சுது, அதுவும் ஆன்டிபாடி டெஸ்ட்தான். அதுக்கு அப்பவும் தடுப்பூசி கிடையாது இப்பவும் கிடையாது, அதனால ஆன்டிபாடி இருக்குன்னு உறுதியாயிட்டா கிருமி உள்ள வந்திருக்குன்னு அர்த்தம், பெரியவங்களுக்கு வேற வழியில வர சான்ஸ் ரொம்பக் கம்மி. கொரோனாவுக்கும் 2020ல அப்படித்தான் இருந்துச்சு. 2021 ஜனவரி 16 ஊசி ஆரம்பிச்சாங்க, அன்னைல இருந்து ஊசி போட்டவங்கள்ல அநேகமா எல்லார் ரத்தத்துலயும் கிருமியைப் பாக்காமலே ஆன்டிபாடி வந்துடுச்சு, டெஸ்டோட அர்த்தமே மாறிப்போச்சு.

இப்ப உங்க மூணு பேர் விஷயத்துக்கு வர்றேன். கொரோனா வைரஸ்ஸை ஒரு பலாப்பழம்னு வச்சுக்கோங்க. மேல இருக்குற முள்ளு ஸ்பைக், உள்ள சுளைப் பக்கம் இருக்குறது நியூக்ளியோகேப்சிட், இனிமே சுருக்கமா கேப்சிட்னே சொல்றேன். உங்களுக்குப் போட்ட கோவிஷீல்டு உடம்புக்கு முள்ளை மட்டும்தான் காட்டும், சிம்பன்சி குரங்குக்கு சளி பிடிக்க வைக்கிற ஒரு அடினோ வைரஸ்ஸை நம்ம உடம்புல பெருகாத மாதிரி பண்ணி அதுக்குள்ள ஸ்பைக்குக்கான ஜீனை மட்டும் வச்சு அனுப்புறாங்க. ஸ்புட்னிக்கும் அதே ரகம். பசங்களுக்குப் போட்ட கோர்பிவாக்ஸ் இன்னும் கம்மி, ஸ்பைக்ல ஒரு துண்டு மட்டும். ஆனா உங்க வீட்டுக்காரருக்குப் போட்ட கோவாக்சின் அப்படி இல்ல, அது முழு வைரஸ், லேப்ல வளர்த்து பீட்டா புரோபியோலாக்டோன்னு ஒரு கெமிக்கல் போட்டு செத்துப்போக வச்ச முழு பழம், முள்ளும் இருக்கும் சுளையும் இருக்கும். அதனால கோவாக்சின் போட்டவங்களுக்கு கிருமி வராமலே கேப்சிட் ஆன்டிபாடி வரலாம்.

ஆக உங்களோட ஸ்பைக் 250க்கு மேலன்றது ஊசியாலயும் வரும், கிருமியாலயும் வரும், ரெண்டும் சேர்ந்தும் வரும். அந்த 250ன்றது கூட உங்க அளவு இல்லம்மா, ரத்தத்தைக் கரைச்சு ஊத்தாம அந்த மெஷினால அதுக்கு மேல எண்ண முடியாது, அதான் "மேல"ன்னு போட்டு விட்டுடுச்சு. நிறைய பேர் இதைப் பாத்துட்டு எனக்கு 250 உனக்கு 180ன்னு பேசிக்கறாங்க, ஒவ்வொரு கம்பெனி மெஷினுக்கும் யூனிட்டு வேற, அப்படி ஒப்பிடவே கூடாது.

வீட்டுக்காரரோட கேப்சிட் 2.3, கட்-ஆஃப், அதாவது பாசிட்டிவ்னு சொல்ற எல்லை, 1.4, அதுக்கு மேல இருக்கு, பாசிட்டிவ்தான், ஆனா அது கோவாக்சின் போட்ட மிச்சமா இல்ல உங்க ஜுரம் அவருக்கும் ஒட்டி சத்தமில்லாம வந்துட்டுப் போனதா இல்ல 2021ல டெல்டா அலை அடிச்சப்ப ஊசிக்கு முன்னாடியே வந்துட்டுப் போனதான்னு அந்த நம்பர் சொல்லாது, தேதி எழுதி வைக்கிற பழக்கம் ஆன்டிபாடிக்கு கிடையாது. ஊசி போட்டு பல மாசம் கழிச்சும் இருந்துச்சுன்றதால நான் கொஞ்சம் கிருமிப் பக்கம்தான் சாய்வேன், ஆனா கோர்ட்ல சத்தியம் பண்ணச் சொன்னா பண்ண மாட்டேன்.

உங்க 0.41தான் நிறைய பேசவேண்டியது. கோவிஷீல்டு போட்டவங்களுக்கு கேப்சிட் பாசிட்டிவ் வந்தா அது கிருமியாலதான், அந்தப் பக்கம் தெளிவு. ஆனா நெகட்டிவ் வந்தா வரவே இல்லன்னு திருப்பிச் சொல்ல முடியாது, பல பேர் மாட்டிக்கிறது இங்கதான். ஊசி போட்ட உடம்புக்குள்ள வைரஸ் வந்தா ஏற்கெனவே தயாரா இருக்குற ஸ்பைக் ஆன்டிபாடி அதை சீக்கிரம் மடக்கிடும், வைரஸ் பெருசா பெருக முடியல, உள்ள இருக்குற கேப்சிட்டை உடம்பு அதிகம் பாக்கவே இல்ல, பாக்காததுக்கு ஆன்டிபாடி எப்படி தயார் பண்ணும். அதாவது உங்க ஊசி நல்லா வேலை செஞ்சதாலேயே டெஸ்ட் நெகட்டிவ் வந்திருக்கலாம். அமெரிக்காவுல மாடர்னா ஊசி ட்ரையல்ல இதை எண்ணியே பாத்திருக்காங்க. பிசிஆர்ல கொரோனான்னு உறுதியானவங்கள்ல, வெறும் ஊசி போட்டவங்களுக்கு, அதாவது மருந்து இல்லாத ப்ளாசிபோ, 93 சதவீதம் பேருக்கு கேப்சிட் ஆன்டிபாடி வந்துச்சு, நிஜ ஊசி போட்டவங்களுக்கு 40 சதவீதம் பேருக்குத்தான். அதுவும் நோய் வந்து ரெண்டு மாசம் கிட்டத்தட்ட ஆனப்ப பாத்தது. அது வேற ஊசி, உங்களோடது வேற, அந்த 40ஐ அப்படியே உங்களுக்கு ஒட்ட மாட்டேன், ஆனா அதுவும் ஸ்பைக்கை மட்டும் காட்டுற ஊசிதான், போற திசை இதுதான்.

இதுக்கு மேல நீங்க பாத்தது தை மாச ஜுரத்துக்கு ஆடி மாச ரத்தம். கேப்சிட் ஆன்டிபாடி சில பேருக்கு ஆறு மாசத்துலயே கட்-ஆஃபுக்கு கீழ இறங்கிடும். அதுலயும் உங்க லேப் பாத்தது ஐஜிஜின்ற ஒரு வகை ஆன்டிபாடியை மட்டும், அந்த ரக டெஸ்ட் சீக்கிரம் நெகட்டிவ் ஆயிடும், டோட்டல் ஆன்டிபாடின்னு இன்னொரு ரகம் இருக்கு அது இன்னும் கொஞ்ச நாள் தாங்கும். ரெண்டையும் சேர்த்துப் பாத்தா உங்க நெகட்டிவ்க்கு எனக்கு பெருசா மரியாதை குடுக்கத் தோணல.

மூணு ரிப்போர்ட்ல வெளிப்படையா பேசுறது உங்க பொண்ணோடதுதான். 12 வயசுக்கு ஊசி ஆரம்பிச்சதே 2022 மார்ச்ல, அதுக்குக் கீழ இருந்த பசங்களுக்கு நம்மூர்ல போடவே இல்ல, ஊசியே படாத குழந்தைக்கு ஸ்பைக்கும் கேப்சிட்டும் ரெண்டும் பாசிட்டிவ்னா பாப்பாவுக்கு கொரோனா வந்திருக்கு, சந்தேகம் ரொம்பக் கம்மி. ஒரே வீடு, ஒரே வாரம், 2022 ஜனவரின்னா ஒமிக்ரான் ஊரெல்லாம் பரவின நேரம், உங்களுக்கு ஜுரமும் தொண்டை வலியும், பாப்பாவுக்கு உடம்பு சூடு. இதெல்லாம் சேர்த்து வச்சுப் பாத்து கேட்டா, உங்களுக்கு வந்துச்சுன்னுதான் நான் சொல்வேன். உங்க ரிப்போர்ட்டை வச்சு இல்ல, பாப்பா ரிப்போர்ட்டையும் காலண்டரையும் வச்சு.

இந்த "ஊசியா கிருமியா" குழப்பம் புதுசு இல்ல. நம்ம ராணிப்பேட்டைல கால்நடை நோய்க்கு தடுப்பு மருந்து தயாரிக்கிற நிலையம் 1932ல இருந்து இருக்கு, மாட்டு டாக்டருங்க இந்தக் கணக்கை நமக்கு ரொம்ப முன்னாடியே போட்டுட்டாங்க. கோமாரி ஊசில செத்த வைரஸ் இருக்கும், ஆனா வைரஸ் உயிரோட பெருகும்போது மட்டும் உண்டாகுற சில புரதங்களை தயாரிக்கும்போதே வடிகட்டி எடுத்துடுவாங்க. அதனால அந்தப் புரதத்துக்கு ஆன்டிபாடி இருந்தா மாட்டுக்கு நிஜமாவே கோமாரி வந்திருக்கு, இல்லன்னா ஊசிதான். கேக்க அழகா இருக்குல்ல? ஆனா அவங்களுக்கும் இதே தலைவலிதான், நல்லா ஊசி போட்ட மாட்டுக்கு கோமாரி வந்தாலும் சில சமயம் அந்த ஆன்டிபாடி வராது, சரியா வடிகட்டாத ஊசியைத் திரும்பத் திரும்பப் போட்டா கோமாரி வராமலே வந்துடும். அதனால அவங்க அதை ஒரு மாட்டுக்குன்னு நம்ப மாட்டாங்க, மந்தைக்குன்னு நம்புவாங்க. நூறு மாட்டு ரத்தத்தைப் பாத்தா அந்த ஊர்ல கோமாரி சுத்துதான்னு தெரிஞ்சிடும், "என் சிவப்பி பசுவுக்கு வந்துச்சா"ன்னு கேட்டா டாக்டர் உதட்டைப் பிதுக்குவார்.

மனுசங்களுக்கும் அதே கதைதான். நாட்டோட மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஐசிஎம்ஆர் 2021 ஜூன் ஜூலைல நாடு முழுக்க ரத்தம் எடுத்துப் பாத்து 67.6 சதவீதம் பேருக்கு ஆன்டிபாடி இருக்குன்னு சொன்னாங்க, ஊசியே போடாத பசங்கள்லயே பாதிக்கு மேல இருந்துச்சு, அதை வச்சுத்தான் கொரோனா எவ்வளவு தூரம் பரவியிருக்குன்னு நாட்டுக்குப் புரிஞ்சுது. அந்த வேலைக்கு இது ரொம்ப நல்ல டெஸ்ட். குடியாத்தத்துல ஒரு வீட்டு சண்டையைத் தீர்க்க இது செஞ்சது இல்லம்மா.

எல்லா வைரஸுக்கும் இப்படி இழுபறின்னு நெனச்சுடாதீங்க. மஞ்சள்காமாலைல ஹெபடைட்டிஸ் பி இருக்குல்ல, அதுக்கு இதே முறை நல்லாவே வேலை செய்யுது. அந்த ஊசில வைரஸோட மேல்புரதம் மட்டும்தான் இருக்கு, உள்புரதத்துக்கு, கோர்னு சொல்வோம், ஆன்டிபாடி இருந்தா எப்பவோ கிருமி உள்ள வந்திருக்குன்னு அர்த்தம், அது பெரும்பாலும் ஆயுசுக்கும் நிக்கும். வேலூர்ல தெருவுக்கு ஒரு நர்ஸ் இருக்காங்க, அவங்கள்ல யாரைக் கேட்டாலும் இந்த டெஸ்ட் தெரிஞ்சிருக்கும். அப்புறம் தட்டம்மை மாதிரி உயிருள்ள ஊசி போடுறதுல ஊசியா நோயான்னு ஆன்டிபாடியை வச்சு பிரிக்கவே முடியாது. கொரோனா ரெண்டுக்கும் நடுவுல நிக்குது.

மாமியார் சொல்றதுக்கு வர்றேன். ஊசி போட்டா ஒரு நாள் ரெண்டு நாள் ஜுரம், கை வலி, அசதி வரும், உண்மை. உங்களுக்கு ஜுரம் வந்தது ரெண்டாவது டோஸ் போட்ட மறுநாள் இல்லையே, அடுத்த வருஷம் பொங்கலுக்கு அப்புறம், கூடவே பாப்பாவுக்கும், அவளுக்கு ஊசியே போடல. ஊசி மேல பழி போட இடமே இல்ல. இன்னொண்ணு, 2021 ரெண்டாவது அலைல சிஎம்சி ஊழியர்களை வச்சு, பெரும்பாலும் கோவிஷீல்டு போட்டவங்க, கணக்கு பாத்தாங்க, ரெண்டு டோஸ் போட்டவங்களுக்கு ஆக்சிஜன் வைக்கிற நிலைமை வராம 92 சதவீதம், ஐசியு போகாம 94 சதவீதம் பாதுகாப்பு இருந்துச்சு. அந்த ஏப்ரல் மே மாசம் ஆக்சிஜனுக்கும் பெட்டுக்கும் எப்படி அலைஞ்சோம்னு மாமியாருக்கும் ஞாபகம் இருக்கும், கேட்டுப் பாருங்க.

மறுபடி டெஸ்ட் எடுக்கவான்னு கேட்டீங்க. வேணாம், ஒரு ரூபா கூட அதுல போடாதீங்க. இத்தனை வருஷம் கழிச்சு எடுத்தா பாசிட்டிவ் வந்தாலும் அது அந்தப் பொங்கல் ஜுரமா நடுவுல தெரியாம வந்துட்டுப் போனதான்னு தெரியாது, நெகட்டிவ் வந்தா மேல சொன்ன கதைதான். முக்கியமா, என்ன வந்தாலும் உங்க வைத்தியம் மாறாது. கொரோனாவுக்கு அப்புறம் நீண்ட நாள் அசதி, மூச்சு வாங்குறது இருக்குறதை லாங் கோவிட்னு சொல்றாங்களே, அதுக்கு உலக சுகாதார நிறுவனம் சொன்ன வரையறைலயே ஆன்டிபாடி பாசிட்டிவ் இருக்கணும்னு கட்டாயம் இல்ல, கொரோனா வந்திருக்க வாய்ப்பு இருந்தாலே போதும். ஆனா அதுல இன்னொரு வரி இருக்கு, வேற எந்த நோயாலயும் அது விளக்க முடியாததா இருக்கணும். உங்க விஷயத்துல அந்த வரியை இதுவரைக்கும் யாரும் தொடல.

உங்க பேக்கேஜ் ரிப்போர்ட்ல ஸ்பைக் இருக்கு கேப்சிட் இருக்கு, ஹீமோகுளோபின் இல்ல. ஒரு நாப்பது வயசுப் பொம்பள அசதியா இருக்கு மூச்சு வாங்குதுன்னு வந்தா எனக்கு மொதல்ல தோணுறது ரத்தசோகைதான். மாசாமாசம் ரத்தப்போக்கு அதிகமா போகுதான்னு எழுதல, டாக்டர்கிட்ட அதை மறைக்காம சொல்லுங்க. அப்புறம் தைராய்டு, சுகர், பிபி, ஒரு இசிஜி. நீங்க போற போக்குல ஒரு வரில எழுதிட்டுப் போன பீடி சுத்துறது, அது எனக்கு அந்த 0.41ஐ விட பெரிய விஷயமா படுது. மொறத்துல புகையிலைத் தூளை வச்சுக்கிட்டு மூடின ரூம்ல குனிஞ்சு வருஷக்கணக்கா உக்காந்தா அந்தத் தூசி மூச்சோட உள்ள போகும், இருமலும் மூச்சு வாங்குறதும் அதாலயே வரலாம். டாக்டர்கிட்ட என்ன வேலைன்னு கேட்டா "வீட்லதான் சும்மா இருக்கேன்"னு சொல்லிடாதீங்க, நம்மூர்ல பாதிப் பேர் அப்படித்தான் சொல்றாங்க, பீடி சுத்துறேன் இத்தனை வருஷமான்னு தெளிவா சொல்லுங்க. காத்தோட்டமான இடத்துல, திண்ணைல உக்காந்து சுத்துங்க, மூக்கை மூடி ஒரு துணி கட்டிக்கோங்க. ரெண்டு வாரத்துக்கு மேல இருமல், சாயங்கால ஜுரம், எடை குறையறது எதாவது இருந்தா சளி டெஸ்டும் மார்பு எக்ஸ்ரேவும் கட்டாயம் எடுக்கணும், டிபிக்கு அரசு ஆஸ்பத்திரில சளி டெஸ்டும் இலவசம் மருந்தும் இலவசம். குடியாத்தம் அரசு ஆஸ்பத்திரில காட்டுங்க, மேல பாக்கணும்னா அவங்களே அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு எழுதிக் குடுப்பாங்க. சும்மா உக்காந்திருக்கும்போதே மூச்சு திணறுனா, நெஞ்சு வலிச்சா, கால் வீங்கினா தேதி பாத்துக்கிட்டு இருக்காதீங்க, அன்னைக்கே போங்க.

போகும்போது அந்த ஆன்டிபாடி ரிப்போர்ட்டை எடுத்துட்டுப் போனாலும் சரி போகலன்னாலும் சரி, ஊசி சர்டிஃபிகேட்டை எடுத்துட்டுப் போங்க. கோவின்ல இருந்து எடுத்து லேமினேஷன் போட்டு வச்சிருப்பீங்கல்ல, அதுல ஊசி பேரும் போட்ட தேதியும் இருக்கும், இனிமே யாராவது எதாவது ஆன்டிபாடி எடுக்கச் சொன்னா மொதல்ல அதைக் காட்டுங்க.

மாமியாருக்கு ஸ்பைக் பாத்துட்டு ஊசி போடலாமான்னா, வேணாம். இந்த நம்பருக்கு மேல இருந்தா பத்திரம் கீழ இருந்தா ஆபத்துன்னு ஒத்துக்கிட்ட கோடு எதுவும் கிடையாது. அமெரிக்காவுல மருந்துக்கெல்லாம் அனுமதி குடுக்குற எஃப்டிஏ 2021 மே மாசமே ஊசி போட்டவங்களுக்கு பாதுகாப்பு இருக்கான்னு பாக்க ஆன்டிபாடி டெஸ்டை பயன்படுத்தாதீங்கன்னு சொல்லிட்டாங்க. ஆன்டிபாடி குறைஞ்சாலும் டி செல்னு ஒரு படை, ஞாபகம் வச்சுக்கிற பி செல்னு இன்னொரு படை உள்ள இருக்கும், அது இந்த டெஸ்ட்ல தெரியாது. 71 வயசு, சுகர், இந்த ரெண்டுமே போதும் ஊசி வேணுமா வேணாமான்னு யோசிக்க, அவங்க சுகர் டாக்டர்கிட்ட கேட்டு முடிவு பண்ணுங்க, இப்ப என்ன ஊசி கிடைக்குதுன்னு அவருக்குத் தெரியும். ஸ்பைக் டெஸ்டுக்கு வச்சிருக்கற காசுல அவங்களுக்கு மூணு மாச சராசரி சுகரைக் காட்டுற டெஸ்ட் ஒண்ணு எடுத்துடுங்க.